ஒரு வாரத்தின் நீளம்

1964 அக்டோபர் 15, வியாழக்கிழமை. பிரிட்டனில் பொதுத் தேர்தல் நடந்த நாள். அன்றிரவு வாக்குகளை எண்ணிக்கொண்டிருந்தபோதே, மாஸ்கோவில் குருஷ்சேவைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்ற செய்தி லண்டனுக்கு வந்து சேர்ந்தது. மறுநாள் சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்தது. அதே வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஹெரால்டு வில்சன் பக்கிங்ஹாம் அரண்மனைக்குச் சென்று, பிரதமராகத் திரும்பினார். பதின்மூன்று ஆண்டுகள் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய தொழிற்கட்சிக்கு 317 இடங்கள் கிடைத்திருந்தன. மற்றவர்கள் எல்லாரையும் கூட்டிக் கழித்தால் நான்கு இடமே மிச்சம்.

உள்ளே நுழைந்ததும் கருவூல அதிகாரிகள் கணக்கை எடுத்து வைத்தார்கள். வெளிநாட்டுக் கொடுக்கல் வாங்கலில் அந்த ஆண்டு 80 கோடி பவுண்டு துண்டு விழும் என்றது கணக்கு. இறக்குமதிக்கு 15 சதவீதம் கூடுதல் வரி போட்டார்கள். ஆனாலும் நவம்பரில் பவுண்டை விற்றுத் தள்ளத் தொடங்கினார்கள். 23 ஆம் தேதி, திங்கட்கிழமை, இங்கிலாந்து வங்கி தன் வட்டியை 5 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாக உயர்த்தியது. விற்பனை நிற்கவில்லை. வங்கியின் ஆளுநர் பல நாட்டு மைய வங்கிகளை ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் அழைத்துக் கடன் கேட்டார். புதன்கிழமை 300 கோடி டாலர் கடன் உறுதியாயிற்று. அந்த வாரத்தைத் தாண்டிவிட்டார்கள்.

அரசியலில் ஒரு வாரம் என்பது நெடுங்காலம் என்று ஆங்கிலத்தில் வழங்கும் வாக்கு, இப்படியொரு நெருக்கடியில் நாடாளுமன்ற நிருபர்களிடம் வில்சன் பேசியபோது பிறந்தது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். முதன்முதலில் எப்போது சொன்னோம் என்பது பின்னாளில் அவருக்கே நினைவில்லை. சூழ்நிலை எவ்வளவு விரைவாகத் தலைகீழாகும் என்று சொல்ல இன்று எல்லாரும் இதைத்தான் எடுத்தாளுகிறார்கள். நான்கு இடப் பெரும்பான்மையோடு நாள்களை ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் சொன்னபோது அதில் ஆறுதலும் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த வாரம் போய்விடும், அடுத்தது வேறாக இருக்கும், அதுவரை பொறுப்போம் என்ற தெம்பு அது. பொறுக்க இடம் இருந்தது. அன்றைய வாரத்துக்குள் ஓய்ந்த இரவுகள் இருந்தன, சந்தை மூடிக்கிடந்த சனி, ஞாயிறு இருந்தன, யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத மணி நேரங்கள் இருந்தன.

வில்சன் பதவியேற்றபோது பிரிட்டனில் இருந்தவை மூன்று தொலைக்காட்சி அலைவரிசைகள். மூன்றாவது தொடங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அரைமணி நேர இரவுச் செய்தி என்பது 1967 ஜூலையில்தான் வந்தது. நாடாளுமன்றத்துக்குள் ஒலிவாங்கி 1978 வரை நிரந்தரமாக நுழையவில்லை; கேமரா 1989 நவம்பர் வரை நுழையவில்லை. நாடு காலையில் செய்தித்தாளை விரித்துத்தான் அரசியலைத் தெரிந்துகொண்டது. டெய்லி மிரர் ஒரு நாளில் 50 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. இன்று அதே பத்திரிகையின் விற்பனை மூன்று இலட்சத்தைத் தொடுவதில்லை. பிரதமர் அலுவலகத்தில் காலையிலும், நாடாளுமன்றத்தின் ஓர் அறையில் பிற்பகலிலும் நிருபர்களைக் கூட்டிப் பேசுவார்கள். யார் சொன்னது என்று எழுதக் கூடாது. அப்படியொரு கூட்டம் நடந்தது என்றே எழுதக் கூடாது. அந்தக் கட்டுப்பாட்டை நிருபர்கள் காத்தார்கள். காலையில் ஒரு கேள்வி எழுந்தால் மறுநாள் பத்திரிகை அச்சாகும்வரை பதிலை யோசிக்கலாம்.

சந்தைக்கும் அப்படியொரு தாழ்ப்பாள் இருந்தது. 1968 மார்ச் 14, வியாழக்கிழமை. லண்டன் தங்கச் சந்தையில் டாலரைக் கொடுத்துத் தங்கத்தை அள்ளிக்கொண்டிருந்தார்கள். சந்தையை மூடச் சொல்லி வாஷிங்டன் கேட்டது. மூடவேண்டுமானால் மறுநாளை வங்கி விடுமுறையாக அறிவிக்கவேண்டும். அறிவிக்க ராணியின் ஆணை வேண்டும். நள்ளிரவு வாக்கில் வில்சனும் நிதியமைச்சர் ராய் ஜென்கின்ஸும் இன்னும் சிலரும் அரண்மனைக்குப் போனார்கள். ராணி முன்னிலையில் ஆலோசனைக் குழு கூடியது, ஆணை பிறந்தது. தங்கச் சந்தை இரண்டு வாரம் திறக்கவில்லை. அந்த இரவில் தன்னைக் கலந்துகொள்ளவில்லை என்று வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் பிரவுன் பதவி விலகினார். ஓர் அமைச்சர் போனார், நாடு அதைப் பத்திரிகையில் படித்தது, அரசு நின்றது. ஒரு கையெழுத்தால் சந்தையை நிறுத்திவைக்கலாம் என்றிருந்த காலம் அது. அதை இன்று எந்தப் பிரதமரிடம் சொன்னாலும் ஏக்கத்தோடுதான் கேட்பார்.

பவுண்டின் கதையும் அப்படித்தான். 1949 செப்டம்பரில் அதன் விலையை 2.80 டாலர் என்று நிறுத்தினார்கள். பதினெட்டு ஆண்டுகள் அது அசையவில்லை. 1967 நவம்பர் 13, திங்களன்று, இனித் தாங்காது என்று வில்சனும் அன்றைய நிதியமைச்சர் ஜேம்ஸ் கேலகனும் முடிவெடுத்தார்கள். அமைச்சரவைக்கு வியாழக்கிழமைதான் சொன்னார்கள். நாட்டுக்குச் சனிக்கிழமை இரவு 9.30 மணிக்கு, சந்தைகள் மூடிய பிறகு, சொன்னார்கள். இனி ஒரு பவுண்டுக்கு 2.40 டாலர். ஐந்து நாள் அந்த இரகசியம் ஒரு சிலரிடம் இருந்தது. ஆனால் இடையில் வியாழனன்று நாடாளுமன்றத்தில் கேட்ட கேள்விக்குக் கேலகன் நேராகப் பதில் சொல்லவில்லை. அந்தத் தயக்கத்தைச் சந்தை புரிந்துகொண்டது. வெள்ளிக்கிழமை மட்டும் பெருந்தொகை கரைந்தது.

அந்தச் சனிக்கிழமை இரவு நம் பக்கத்தையும் தொட்டது. ஒரு வாரத்துக்குள் இலங்கை தன் ரூபாயின் மதிப்பை 20 சதவீதம் இறக்கியது. மாவும் சீனியும் துணியும் கப்பலில் வந்துகொண்டிருந்த நாடு அது. லண்டனில் எடுத்த முடிவு கொழும்புத் துறைமுகத்தையும் யாழ்ப்பாணத்துக் கடைகளையும் எட்டப் பல நாள் ஆகவில்லை. இந்தியா 1966 ஜூனிலேயே தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்துவிட்டிருந்ததால் இம்முறை அசையவில்லை. லண்டன் செய்திக்காகச் சிற்றலை வானொலியின் திருகைத் திருப்பிக் காத்திருந்த தலைமுறை இரு கரைகளிலும் உண்டு. 1941 இல் தொடங்கிய பிபிசியின் தமிழ் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் இறுதியோடு நின்றது. முன்பு இரவு வரும்வரை காத்திருந்து, இரைச்சலுக்கு நடுவே காதைக் கொடுத்துக் கேட்ட செய்தியை இப்போது உள்ளங்கையிலுள்ள திரை கேட்காமலே காட்டுகிறது.

1970 ஜூனில் அந்த வாக்கு வில்சனையே தேடி வந்தது. தேர்தல் 18 ஆம் தேதி, வியாழக்கிழமை. ஒரு வாரத்துக்கு முன் வந்த கருத்துக் கணிப்பு ஒன்று தொழிற்கட்சிக்கு 12 சதவீதம் முன்னிலை என்றது. வெயில் அடித்தது. வில்சன் தெருத்தெருவாக நடந்து கைகுலுக்கினார். 14 ஆம் தேதி ஞாயிறு, மெக்சிகோவில் உலகக் கோப்பைக் காலிறுதி. இங்கிலாந்தின் கோல்காப்பாளர் கோர்டன் பேங்க்ஸ் வயிற்றுக் கோளாறால் ஆடவில்லை. 2–0 என்று முன்னிலை வகித்த இங்கிலாந்து, கூடுதல் நேரத்தில் மேற்கு ஜெர்மனியிடம் 3–2 என்று தோற்றது. திங்கட்கிழமை காலை மே மாத வணிகக் கணக்கு வந்தது. 3 கோடியே 10 இலட்சம் பவுண்டு பற்றாக்குறை. அந்த மாதம் வாங்கிய இரண்டு ஜம்போ ஜெட் விமானங்களின் விலையும் அதில் சேர்ந்திருந்தது. வியாழனன்று நாடு வாக்களித்தது. கன்சர்வேடிவ் கட்சிக்கு 330 இடங்கள். வெள்ளிக்கிழமை எட்வர்டு ஹீத் பிரதமராக டவுனிங் தெருவுக்கு வந்துவிட்டார்.

கால்பந்து தோற்கடித்ததா, விமானங்கள் தோற்கடித்தனவா, கணிப்புகளே பிழையா என்று இன்றும் வாதிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. அந்த ஏழு நாளில் வில்சனைக் கவிழ்த்தவர்கள் வாக்காளர்கள். முடிவு தெரிந்த பிறகு வந்த மாற்றமும் தெளிவாக இருந்தது. புதிய பிரதமர் ஏறத்தாழ நான்கு ஆண்டு இருந்தார். வேகம் இருந்தது, ஆனால் அது தேர்தலன்று வந்து, தேர்தலோடு போயிற்று.

இனி 2022.

2019 டிசம்பர் தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சியின் போரிஸ் ஜான்சன் 365 இடங்களோடு வென்றவர். பெரும்பான்மை 80. வில்சனின் நான்கோடு வைத்துப் பார்த்தால் அது கோட்டை. 2022 ஜூன் 30, வியாழக்கிழமை, கட்சியின் துணைக் கொறடா கிறிஸ் பின்ச்சர், முந்தைய இரவு ஒரு விடுதியில் தவறாக நடந்துகொண்டார் என்ற புகாரில் பதவி விலகினார். அவரைப் பற்றி முன்பே வந்த புகார்கள் பிரதமருக்குத் தெரியுமா என்று நிருபர்கள் கேட்டார்கள். தெரியாது என்றார்கள். மறுநாள் வேறு மாதிரிச் சொன்னார்கள். திங்களன்று இன்னொரு மாதிரி. செவ்வாய்க்கிழமை காலை, வெளியுறவு அமைச்சகத்தின் முன்னாள் தலைமை அதிகாரி சைமன் மெக்டொனால்டு ஒரு கடிதத்தை டுவிட்டரில் போட்டார்: பிரதமரிடம் நேரிலேயே தெரிவிக்கப்பட்டது என்றது அது. அன்று மாலை ஆறு மணியளவில் சுகாதார அமைச்சர் சாஜித் ஜாவித் தன் விலகல் கடிதத்தின் படத்தைப் பதிவேற்றினார். பத்து நிமிடத்துக்குள் நிதியமைச்சர் ரிஷி சுனக்கின் கடிதம் வந்தது.

பிறகு நடந்ததை அந்த நாட்டில் முன்பு யாரும் பார்த்ததில்லை. கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் விழுந்தன. புதன்கிழமை முழுவதும் விழுந்தன. நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் பிரதமர் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோதே விழுந்தன. இரண்டு நாளில் அரசுப் பொறுப்புகளிலிருந்து விலகியவர்கள் ஐம்பதைத் தாண்டினார்கள். செவ்வாய் இரவு கல்வி அமைச்சரான மிஷெல் டொனெலன் வியாழன் காலை விலகினார். செவ்வாய் இரவு நிதியமைச்சரான நதீம் ஸஹாவி, தன்னை நியமித்தவரே போகவேண்டும் என்று வியாழன் காலை எழுதினார். ஜூலை 7, வியாழக்கிழமை நண்பகலைத் தாண்டி, டவுனிங் தெருவில் வைத்த மேசை முன் நின்று ஜான்சன் விலகலை அறிவித்தார். வியாழனுக்கு வியாழன், சரியாக ஒரு வாரம்.

அதன்பின் வந்த லிஸ் டிரஸ்ஸைக் கட்சி உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். டிரஸ்ஸுக்கு 81,326 வாக்குகள், சுனக்குக்கு 60,399. ஜான்சன் விலகலை அறிவித்ததிலிருந்து முடிவு வர 60 நாள் ஆயிற்று. செப்டம்பர் 6 அன்று பொறுப்பேற்ற டிரஸ் 49 நாள் இருந்தார். பதவியேற்று இரண்டாம் நாள் ராணி இறந்தார். துக்கம் முடிந்து அரசு பேசத் தொடங்கியதே செப்டம்பர் 20 க்குப் பிறகுதான்.

23 ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, நிதியமைச்சர் குவாசி குவார்ட்டெங் ஏறத்தாழ 4,500 கோடி பவுண்டு வரிக் குறைப்பை அறிவித்தார். அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லவில்லை. 1967 இன் சனிக்கிழமை இரவு அரசுக்குப் பாதுகாப்பாக இருந்தது. 2022 இன் வார இறுதி அப்படி இருக்கவில்லை. லண்டன் உறங்கிக்கொண்டிருந்த திங்கள் அதிகாலையில் ஆசியச் சந்தைகள் திறந்தன, பவுண்டு 1.03 டாலருக்குச் சரிந்தது. அதற்கு முன் அவ்வளவு தாழ்ந்ததே இல்லை. அரசுக் கடன் பத்திரங்களின் விலையும் விழ, அவற்றை ஈடாக வைத்திருந்த ஓய்வூதிய நிதிகள் மேலும் ஈடு கட்டப் பணம் தேடி அதே பத்திரங்களை விற்றன. விற்க விற்க விலை இன்னும் விழுந்தது. புதன்கிழமை இங்கிலாந்து வங்கி பத்திரங்களைத் தானே வாங்க இறங்கியது. 1968 இல் நள்ளிரவில் அரண்மனைக் கதவைத் தட்டினார்கள். இம்முறை தட்டுவதற்கு எந்தக் கதவும் இல்லை. நாணயச் சந்தைக்குப் பூட்டு கிடையாது.

பிறகு நாளுக்கொன்று. அக்டோபர் 3 இல் ஒரு வரிக் குறைப்பைத் திரும்பப் பெற்றார்கள். 14 இல் குவார்ட்டெங்கை நீக்கினார்கள். 38 நாள் இருந்தார். 17 இல் புதிய நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட் திட்டத்தின் பெரும்பகுதியைக் கைவிட்டார். 19 இல் உள்துறை அமைச்சர் போனார். 20 இல் பிரதமரே விலகலை அறிவித்தார். 25 இல் சுனக் வந்தார். அந்த ஒரே ஆண்டில் பிரிட்டனுக்கு நான்கு நிதியமைச்சர்கள், மூன்று பிரதமர்கள். 1979 முதல் 2007 வரையிலான 28 ஆண்டுகளிலும் அந்த நாட்டைத் தாட்சர், மேஜர், பிளேர் என்ற மூவரே ஆண்டார்கள்.

டவுனிங் தெருவில் நடந்தவற்றைப் படித்துச் சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அந்த நாள்களின் வீட்டுக்கடன் பட்டியல்தான் மனதில் நிற்கிறது. வரிக் குறைப்பை அறிவித்த அன்று இரண்டாண்டு நிலையான வட்டியின் சராசரி 4.74 சதவீதம். டிரஸ் விலகலை அறிவித்த அன்று 6.65 சதவீதம். 25 ஆண்டில் அடைக்கும்படி இரண்டு இலட்சம் பவுண்டு கடன் வாங்கும் குடும்பத்துக்கு அதன் பொருள் இது: மாதம் ஏறத்தாழ 1,140 பவுண்டு கட்டவேண்டியிருந்த இடத்தில் 1,370 பவுண்டு. நான்கு வாரத்துக்குள் மாதத்துக்கு 230 பவுண்டு கூடிவிட்டது. அவர்கள் யாருக்கும் அந்தத் திட்டத்தின் மீது வாக்களிக்க வாய்ப்பு இருக்கவில்லை. அறுபதுகளில் வீட்டுக்கடன் சங்கங்கள் கூடிப் பேசி வட்டியை முடிவு செய்யும். அது மெல்லத்தான் நகரும். கடன் கிடைக்க அதே சங்கத்தில் பல ஆண்டு சேமித்துக் காத்திருக்கவேண்டும் என்பதும், வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஆண் ஒருவரின் கையெழுத்தைக் கேட்டார்கள் என்பதும் அந்த மெதுவான காலத்தின் மறுபக்கம். அந்தக் காத்திருப்பை யாரும் திரும்பக் கேட்கமாட்டார்கள்.

அன்றைய நிதானத்தை நினைத்து ஏங்குகிறபோது நான் 1956 ஐயும் நினைத்துக்கொள்கிறேன். சூயஸ் கால்வாய்க்காக எகிப்தைத் தாக்கும் திட்டத்தைப் பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் பாரிஸ் அருகே செவ்ர் என்ற ஊரில் இரகசியமாக வகுத்தன. இஸ்ரேல் தாக்கப்போவது முன்கூட்டித் தெரியாது என்று பிரதமர் ஆண்டனி ஈடன் டிசம்பரில் நாடாளுமன்றத்தில் சொன்னார். ஜனவரியில் உடல்நலக் குறைவைக் காட்டிப் பதவி விலகினார். உண்மை துண்டுதுண்டாக வெளிவரப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. அரசு ஆவணங்கள் 1987 இல்தான் திறந்தன. அந்தப் போரில் செத்தவர்களின் பிள்ளைகளுக்கு அதற்குள் நடுவயது நெருங்கியிருக்கும். 2022 இல் பிரதமர் அலுவலகம் சொன்ன பொய் ஆறாம் நாள் காலையில் அம்பலமாயிற்று. முப்பது ஆண்டையும் ஆறு நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பழைய வாரம் நீண்டிருந்ததற்கு ஒரு காரணம் கதவுகள் சாத்தியிருந்ததுதான் என்பது தெரிகிறது. வில்சனின் நிருபர்கள் காத்த மௌனம் அரசுக்கு மூச்சுவிட நேரம் கொடுத்தது. அதே மௌனம் மறைக்கவும் உதவியது. 1963 இல் கன்சர்வேடிவ் கட்சி தன் தலைவரைப் பெரிய மனிதர்கள் சிலர் கலந்து பேசித்தான் தேர்ந்தெடுத்தது, வாக்கெடுப்பே கிடையாது.

ஆகவே வேகம் தானாகவே கேடு என்று நான் எழுதமாட்டேன். பொய்யைப் பிடிக்கிற வேகம் நல்லது. வாரம் சுருங்கியபோது அதற்குள் வைக்க முடியாமல் வெளியே விழுந்துபோனவைதான் எனக்குக் கவலை தருகின்றன.

1963 செப்டம்பரில், எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது, வில்சன் கிளாஸ்கோவில் ஒரு யோசனையைச் சொன்னார். வேலைக்குப் போகிறவர்களும் வீட்டிலிருக்கும் பெண்களும் வானொலி, தொலைக்காட்சி வழியே பட்டம் படிக்க ஒரு பல்கலைக்கழகம். கல்லூரிகள் சிரித்தன. பவுண்டு ஆட்டம் கண்ட எல்லா வாரங்களிலும் அந்த யோசனை உயிரோடு இருந்தது. 1965 இல் அதை ஜென்னி லீயிடம் ஒப்படைத்தார்கள். ஸ்காட்லாந்தின் சுரங்கத் தொழிலாளி மகள். பட்டத்தின் தரத்தில் ஒரு படி இறங்கவும் சம்மதிக்காதவர். 1966 இல் வெள்ளை அறிக்கை, 1969 இல் அரச சாசனம். 1970 ஜூனின் அந்த வாரத்தில் வில்சன் ஆட்சியை இழந்தார், ஜென்னி லீ தன் தொகுதியையே இழந்தார். புதிய அரசுக்குள் அதை மூடச் சொன்னவர்கள் இருந்தார்கள். கல்வி அமைச்சராக வந்த மார்கரெட் தாட்சர் மூடவில்லை. 1971 ஜனவரியில் அந்தத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முதல் மாணவர்கள் படிக்கத் தொடங்கினார்கள். இதுவரை இருபது இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதில் படித்திருக்கிறார்கள். இந்தியாவின் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் அதுதான் முன்மாதிரி. கிளாஸ்கோவிலிருந்து முதல் பாடம் வரை ஏறத்தாழ ஏழரை ஆண்டு, எதிரெதிரான இரண்டு கட்சிகள்.

வீடு கட்டுவதிலும் அதே ஒப்பீடு. 1964 இல் வீட்டுவசதித் துறைக்கு வந்த ரிச்சர்டு கிராஸ்மன் இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக அங்கே இருந்தார். 1968 இல் பிரிட்டனில் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் எழும்பின. அவசரமும் அதில் இருந்தது: அதே ஆண்டு மே மாதம், கிழக்கு லண்டனில் திறந்து இரண்டு மாதமே ஆன ரோனன் பாயின்ட் அடுக்குமாடியின் ஒரு மூலை எரிவாயு வெடித்துச் சரிந்து நால்வர் இறந்தார்கள். ஆனாலும் அந்த எண்ணிக்கையை அந்த நாடு பிறகு எட்டவேயில்லை. 2010 க்கும் 2024 க்கும் இடையிலான பதினான்கு ஆண்டில் வீட்டுவசதித் துறைக்குப் பதினாறு முறை அமைச்சரை நியமித்தார்கள். கோப்பைப் படித்து முடிக்கும் முன்பே நாற்காலி கைமாறியிருக்கும்.

எனக்கு ஆற்றாமை தருவது முதியோர் பராமரிப்பின் கதை. மறதி நோய் வந்த தாயையோ தகப்பனையோ பராமரிப்பு இல்லத்தில் வைத்துப் பார்க்க இங்கிலாந்தில் குடும்பங்கள் வீட்டை விற்கவேண்டி வருகிறது. நோய்க்கு மருத்துவமனை இலவசம். முதுமைக்குப் பராமரிப்பு அப்படியல்ல. ஒருவர் வாழ்நாளில் இதற்காகச் செலவிடும் தொகைக்கு ஒரு வரம்பு வையுங்கள், அதற்கு மேல் அரசு ஏற்கட்டும் என்று பொருளாதார அறிஞர் ஆண்ட்ரூ டில்னாட் தலைமையிலான குழு 2011 இல் பரிந்துரைத்தது. 2014 இல் அது சட்டமானது. வரம்பு 72,000 பவுண்டு, தொடக்கம் 2016. 2015 இல் அதை 2020 க்குத் தள்ளினார்கள். 2017 இல் கைவிட்டார்கள். 2021 இல் ஜான்சன் மீண்டும் எடுத்தார். வரம்பு 86,000, தொடக்கம் 2023 அக்டோபர். 2022 நவம்பரில், அந்தக் கொந்தளிப்பு அடங்கிய கையோடு, ஹன்ட் அதை 2025 க்குத் தள்ளினார். 2024 ஜூலை 4 தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சி 121 இடங்களுக்குச் சுருங்கியது. கீர் ஸ்டார்மர் வந்தார். அந்த மாதம் 29 ஆம் தேதி புதிய நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், பணமில்லை என்று சொல்லித் திட்டத்தை நீக்கினார்.

இதில் கெட்ட எண்ணம் கொண்டவர் என்று யாரையும் காட்ட முடியவில்லை. ஒவ்வொருவருக்கும் அந்த வாரத்தில் அதைவிட அவசரமான ஒன்று இருந்தது. கேமராவுக்கு முன்னால் அன்று மாலைக்குள் பதில் சொல்லவேண்டிய ஒன்று. முதியோர் இல்லத்துக்கான ரசீது எந்த மாலையிலும் தலைப்புச் செய்தியாவதில்லை.

2025 ஜனவரியில் லூயிஸ் கேசி தலைமையில் புதிய ஆணையத்தை அறிவித்தார்கள். அதன் இறுதி அறிக்கைக்குக் குறித்திருக்கும் ஆண்டு 2028. டில்னாட் அறிக்கை வந்தபோது எழுபது வயதாக இருந்தவருக்கு அந்த ஆண்டில் எண்பத்தேழு நடக்கும்.